கீரை பிடுங்கப் போய் எல்லை தாண்டினேன்

2007ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொன்றியலில் இருந்து தெற்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் வருகிற ஒரு அப்பிள் தோட்டத்தில்தான் இது தொடங்கியது. முடிந்தது வேறொரு நாட்டில்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கனடாவுக்கு வந்து இரண்டு வருடம். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு அறை, தையல் பக்டரியில் வேலை. கணவரும் பதினான்கு வயது மகளும் மன்னாரில் இருந்தார்கள். ஊரில் சண்டை மறுபடியும் தொடங்கியிருந்தது. தொலைபேசியில் மகளோடு பேசும்போது பின்னால் ஏதோ அதிருகிற சத்தம் கேட்கும். "ஒண்டுமில்லை அம்மா, தூரத்திலதான்" என்பாள்.

என் அகதி வழக்கு வென்றுவிட்டது. ஆனால் நிரந்தர வதிவிட அனுமதி இன்னும் வரவில்லை. அது வந்தால்தான் அவர்கள் இரண்டு பேரும் என்னிடம் வரலாம். என் சட்டத்தரணி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அந்தப் பத்திரம் கைக்கு வரும்வரை கனடாவை விட்டு ஒரு அடி வெளியே வைக்கக் கூடாது. நயாகரா பார்க்கப் போனாலும் பாலத்தில் ஏறாதீர்கள் என்றார். நான் நயாகராவுக்கே போகவில்லை.

நான் இயல்பிலேயே கூச்சக்காரி. பஸ்ஸில் மணியை அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்து வாழ்ந்தவள். அன்றைக்கும் வர மனமில்லாமல்தான் இருந்தேன். மாதா கோயிலில் பழக்கமான ஒரு அக்கா விடவில்லை. "அறைக்குள்ள கிடந்து என்ன செய்யப் போறாய்? வா, காத்துப் படட்டும்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பங்குக் கோயில் ஆட்கள் இருபத்தைந்து பேர் வரை இருப்போம். ஒரு வெள்ளை வான், நாலைந்து கார்கள். கட்லட்டும் ரோல்ஸும் வாழையிலை வாசமில்லாத கட்டுச் சாதமும் வந்தன.

சாப்பாடு முடிந்ததும் சனம் கூடைகளோடு மரங்களுக்கிடையில் பரவியது. நான் கைப்பையை வானில் வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையோடு கடைசி வரிசைக்கு நடந்தேன். அங்கே புல்லு வெட்டிவிட்ட ஓரத்தில் அதைக் கண்டேன். குப்பைக்கீரை. எங்கள் வளவுகளில் நிற்கிற அதே இலை, அதே சிவந்த அடித்தண்டு. வெட்டின இடத்தில் மறுபடியும் துளிர்த்து இளசாக நின்றது. மொன்றியலில் தமிழ்க் கடையில் கீரை என்று கிடைப்பது வாடி மஞ்சளடித்த ஒரு பிடி. இங்கே விதைத்தவர் இல்லாமல் ஒரு ஓரம் முழுக்க நிற்கிறது.

கீரை பிடுங்குகிறவர்களுக்குத் தெரியும். தலை நிமிராது. கை ஒன்றில் இருக்கும், கண் அடுத்ததில் இருக்கும். நுனியை மட்டும் ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டு போனேன். காய்ந்த வாய்க்கால் ஒன்று வந்தது. அதன் மறுகரையில் ஆளுயரச் சோளம். சோளத்தின் காலடியில் கீரை இன்னும் தளதளவென்று நின்றது. மஞ்சள் பூப் பற்றைக்குள் ஒரு கட்டைக் கம்பம் சாய்ந்து நின்றது. பழைய வேலியின் மிச்சம் என்று நினைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் வாய்க்காலைத் தாண்டினேன்.

சோள ஓரமாகவே குனிந்த தலையோடு போனேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. பை நிரம்பி நிமிர்ந்தபோது முன்னால் ஒரு மர வீடு. முற்றத்தில் ஒரு கிழட்டு நாய் எழும்பவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தது. படியில் ஒரு வெள்ளைக்கார அம்மா. எழுபது வயதிருக்கும். சின்ன உருவம், ஆண்களின் ரப்பர் சப்பாத்து. என்னை முதலிலேயே கண்டு, நான் நிமிரும்வரை காத்துக்கொண்டு நின்றவர் மாதிரி இருந்தது.

எனக்கு ஆங்கிலம் கேட்டால் ஓரளவு விளங்கும், வாயில் வராது. அந்த அம்மாவின் ஆங்கிலம் வேறு, பாட்டுப் போல ஏறி இறங்கியது. அவர் அயர்லாந்தில் இருந்து வந்தவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு நடந்த பேச்சுகளில் எனக்குத் தப்பியதை அக்கா பின்னர் கேட்டுச் சொன்னார். எல்லாவற்றையும் சேர்த்து, எனக்கு விளங்கின தமிழில் எழுதுகிறேன்.

"எங்கயிருந்து வாறாய்?" என்றார்.

"மொன்றியல்" என்றேன்.

அவர் என் பையைப் பார்த்தார். பிறகு நான் வந்த பக்கம் கையைக் காட்டி, "அதுதான் கனடா" என்றார். கையை அப்படியே இறக்கித் தன் காலடியைக் காட்டினார். "இது நியூயோர்க் மாநிலம். நீ அமெரிக்காவில நிக்கிறாய், பிள்ளை."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். திரும்பி ஓடப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"ஓடாதே. முன்வீட்டுக்காரன் உன்னைக் கண்டிட்டான். சோளத்துக்குள்ள ஆரோ நிக்கினம், எல்லைக் காவலுக்குப் போன் அடிக்கட்டோ எண்டு இப்பதான் என்னைக் கேட்டவன். நான் பாத்திட்டுச் சொல்லுறன் எண்டனான். நீ ஓடினா அவன் போன் அடிப்பான். ஓடுற ஆளை அவங்கள் பிடிக்கிற விதம் வேற."

உள்ளே கூட்டிப் போனார். கதவு நிலையில் ஒரு சின்னத் தீர்த்தக் கிண்ணம் இருந்தது. பயத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் விரலைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் அதைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்தார். என்னைக் கதிரையில் இருத்தினார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

மூன்று அழைப்பு எடுத்தார். முதல் இரண்டும் சின்ன அழைப்புகள். "நான்தான் கதைக்கிறன். இப்பவே வா" என்கிற மாதிரி. மூன்றாவதில் நின்று நிதானமாகப் பேசினார். அதில் 'பட்ரோல்' என்ற சொல் என் காதில் விழுந்தது. எல்லைக் காவல்.

இந்த மனுசி என்னைத் தேத்தண்ணி தந்து இருத்தி வைத்துப் பிடித்துக் கொடுக்கப் போகிறது என்று நினைத்தேன். மகளின் முகம்தான் வந்தது. நான் பிடிபட்டால் என்னை எங்கே வைப்பார்கள், எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள், அந்தப் பத்திரம் என்ன ஆகும், அவளுக்கு நான் என்ன சொல்வேன். பின்பக்கம் ஒரு கதவு தெரிந்தது. எழும்பி அதை நோக்கிப் போனேன். அந்த அம்மா ரிசீவரைப் போட்டுவிட்டு வந்து கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"நோ பொலிஸ், பிளீஸ்" என்றேன். அது மட்டும்தான் வந்தது. "மை டோட்டர்" என்றேன்.

"கேள்" என்றார். "உன்னை ஒளிச்சு வைச்சா நீ கள்ளி ஆயிடுவாய். நானும்தான். இந்தத் தெருவால ஆக்களைக் கடத்துறாங்கள். ஒரு வானில கொண்டுவந்து அங்கால இறக்கிறது, இங்கால இன்னொரு வான் வந்து ஏத்துறது. உன்னையும் அப்பிடித்தான் நினைப்பாங்கள். நாங்களே கூப்பிட்டா அது வேற கதை." நான் தலையை ஆட்டினேன். ஆனால் நம்பவில்லை. வேகமாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் என்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிற நிலையில் இருந்தேன்.

சற்று நேரத்தில் முற்றத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. இறங்கியவர் தொப்பி போட்ட பெரிய மனிதர். அவர்தான் முன்வீட்டுக்காரர். அந்த அம்மாவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டவரும் அவர்தான். அடுத்து ஒரு கார். அதில் வந்தவர் பருத்த, உரத்த குரல்காரப் பெண். அந்த ஊர்ப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவராம். அயலட்டையைக் கூட்டி என்னைச் சுற்றி வளைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. கீரைப் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினேன்.

தொப்பிக்காரர் உட்காரவில்லை. கதவோடு நின்றபடி என்னைக் காட்டி, "இவளை உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"அரை மணித்தியாலமாத் தெரியும்" என்றார் அந்த அம்மா.

"அரை மணித்தியாலப் பழக்கத்தில வீட்டுக்குள்ள விட்டிருக்கிறாய்."

"உன்னை நாப்பது வருசமாத் தெரியும். அதிலயும் பாதி நாள் உன்னை உள்ள விடாமல் இருந்திருக்கலாம் எண்டு யோசிச்சிருக்கிறன்."

பஸ்காரப் பெண் சிரித்துவிட்டார். தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. "காலமை நான் வெள்ளை வான் ஒண்டு கண்டனான்" என்றார். "காவல்காரன் கேட்டா அதைச் சொல்லத்தான் போறன். பொய் சொல்லச் சொல்லாதே."

"பொய் சொல்ல உன்னைக் கூப்பிடேல்லை. கண்டதைச் சொல்லத்தான் கூப்பிட்டனான்."

வெள்ளை வான் என்றது எனக்கு விளங்கியது. நாங்கள் வந்த வானும் வெள்ளைதான். ஆனால் அது அப்பிள் தோட்டத்தில் அல்லவா நிற்கிறது என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழில் சொல்லவும் அப்போது வந்திருக்குமோ தெரியாது.

காவல் வாகனம் வந்தது. இறங்கிய அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் துப்பாக்கி. உள்ளே வந்து, அந்த அம்மாவுக்கு மட்டும் தலையை அசைத்து வணக்கம் சொன்னார். பிறகு எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு அமர்ந்தார். பெயர், பிறந்த நாடு, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, ஏன் வந்தாய். என்னிடம் இருந்தது சட்டைப் பையில் கிடந்த மருத்துவ அட்டை ஒன்றுதான். அதை நீட்டினேன். கைதவறிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "உன்னை ஏத்திக்கொண்டு போக ஆர் வருகினம்?" என்று கேட்டார்.

"நோபொடி" என்றேன்.

"வான் எங்க?"

நான் பார்வையைக் கீரைப் பைக்கு இறக்கினேன். பொய் சொல்கிறவள் எப்படி இருப்பாளோ அப்படித்தான் என் முகம் இருந்திருக்கும். அவர் தொப்பிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். தொப்பிக்காரர் சொன்னார். ஓம், காலையில் தன் மாடி ஜன்னலால் பார்த்தபோது மரங்களுக்கிடையில் ஒரு வெள்ளை வான் நின்றதைக் கண்டதாக. அதிகாரி எழும்பினார். என்னை வாகனத்தில் ஏற்றப் போகிறார் என்று தெரிந்தது.

"ஏத்து" என்றார் அந்த அம்மா. "ஆனா ஏத்த முன்னம் அவள் வந்த வழியை ஒருக்கா நடந்து பார். பையைப் பாத்தியோ? ஆக்களைக் கடத்துறவன் வழியில நிண்டு களை பிடுங்க விடுவானோ? நீ என்னை எத்தினை வருசமா அறிவாய். நான் உன்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. இதைச் செய்."

அதிகாரி பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு "நடவுங்கோ" என்றார்.

நாங்கள் ஐந்து பேரும் சோள ஓரமாக நடந்தோம். முன்னால் தொப்பிக்காரர், அவருக்குப் பின்னால் அதிகாரியும் நானும், கடைசியில் அந்த அம்மாவும் பஸ்காரப் பெண்ணும். சோளத் தாள்கள் உரசுகிற சத்தம்தான். தொப்பிக்காரர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். நுனி ஒடித்த இடங்கள் பச்சையாக, ஈரம் காயாமல் இருந்தன. ஒரு இடம் விடாமல், வீட்டு முற்றத்தில் இருந்து வாய்க்கால்வரை.

வாய்க்காலை நெருங்கியபோது, நான் பிடித்துத் தாண்டிய அந்த எல்லைக் கம்பத்துக்கு நேரே அவர் நின்றார். "அங்கால இருந்துதான் வந்திருக்கிறாள்" என்றார் அதிகாரியிடம். "அந்தக் கரையிலயும் ஒடிச்சிருக்கு, பார். நேரே மரங்களடி வரைக்கும் போகுது. வழிநெடுக இளசாப் பாத்துப் பாத்து எடுத்திருக்கிறாள்." பிறகு மரங்களுக்கிடையில் கூர்ந்து பார்த்தார். "காலமை நான் கண்ட வானும் உதுதான். இன்னும் அந்தப் பக்கத்திலதான் நிக்குது. இங்கால வரேல்லை." என்னைப் பார்க்காமலே இன்னொன்றும் சொன்னார். "மிச்சக் களையையும் பிடுங்கிவிட்டுப் போகச் சொல்லு."

நான் மூச்சு விட்டேன். அதற்குள் அடுத்தது நடந்தது.

அக்காவின் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார். நான் காணாமல் போனதில் எல்லோரும் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். மரங்களுக்கிடையில் இருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். துப்பாக்கியோடு நிற்கிற ஒரு ஆளுக்குப் பக்கத்தில் நான் அழுத முகத்தோடு நிற்பதைக் கண்டதும், வான் ஓட்டி வந்த அண்ணை ஓடத் தொடங்கினார். பின்னால் எல்லோரும்.

அதிகாரி கையை உயர்த்தி "ஸ்டொப்" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய மற்றக் கை இடுப்புப் பக்கம் போனதை நான் கண்டேன்.

வருகிறவர்களை எனக்குத் தெரியும். என்னைப் போலப் பத்திரத்துக்குக் காத்திருப்பவர்கள் நாலைந்து பேர். வழக்குத் தோற்று மறுபடி விண்ணப்பித்திருந்த ஒரு குடும்பம். அவர்கள் எல்லோரும் அந்த வாய்க்காலைத் தாண்டப் போகிறார்கள், எனக்காக. அண்ணை ஒரு காலை வாய்க்காலுக்குள் வைத்துவிட்டார்.

"தாண்டாதேங்கோ" என்று கத்தினேன். "அண்ணை, நில்லுங்கோ. அது எல்லை. ஒருத்தரும் தாண்டாதேங்கோ."

என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதில்லை. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அண்ணை காலை மெதுவாக வெளியே எடுத்தார்.

"என்னடி சொல்லுறாய்?" என்றார் அக்கா மூச்சிரைக்க.

"இது அமெரிக்கா அக்கா."

"உதென்ன விசர்க்கதை. அப்பிள் தோட்டத்துக்குள்ள எங்கால அமெரிக்கா?"

"நீங்கள் நிக்கிறது கனடா. நான் நிக்கிறது அமெரிக்கா."

"அப்ப நீ எப்பிடி அங்க போனனீ?"

"கீரை பிடுங்கிக்கொண்டு வந்திட்டன்."

அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் "ஐயோ கடவுளே" என்று மெல்லச் சொன்னார். அதிகாரி என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என்ன கத்தினேன் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், நல்ல ஆங்கிலம். சொன்னார். அதிகாரியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

வாய்க்கால் நாலடி அகலம். அக்கா கையை நீட்டினால் என் கையைத் தொட்டிருக்கலாம். நான் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதிகாரி விடமாட்டேன் என்றார். அவர் நம்பிவிட்டார், ஆனால் சட்டம் அப்படியில்லை. பிடித்த ஆளை வயலால் திருப்பி அனுப்ப முடியாது. சோதனைச் சாவடிக்குக் கொண்டுபோய், அவர்கள் எழுதி, கனடாக்காரரிடம் கையளிக்க வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் நான் வீட்டுக்குப் போகலாம். ஏற்காவிட்டால் என்ன என்று அக்கா கேட்டார். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

அக்கா வாய்க்கால் கரையில் நின்றே வேலையைப் பிரித்தார். என் கைப்பையில் அறைக் கதவுத் திறப்பு இருந்தது. அண்ணை அதை எடுத்துக்கொண்டு மொன்றியலுக்கு ஓடி, என் அறையில் இருந்து வழக்குப் பத்திரங்களைக் கொண்டு சாவடிக்கு வருவதென்று முடிவானது. "எங்க வைச்சிருக்கிறாய்?" என்று அண்ணை கேட்டார். "மாதா படத்துக்குப் பின்னால" என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்ல அந்த நிலையிலும் வெட்கமாக இருந்தது.

காவல் வாகனத்தின் பின் இருக்கையில் நான் மட்டும். உள்ளே கதவைத் திறக்கப் பிடி இல்லை. திரும்பிப் பார்த்தபோது பின்னால் பஸ்காரப் பெண்ணின் கார் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அந்த அம்மா. அதற்குப் பின்னால் தொப்பிக்காரரின் பிக்கப்.

அமெரிக்கச் சாவடியில் என் கைரேகை எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், வேறொருவர் எல்லாக் கேள்வியையும் முதலில் இருந்து கேட்டார். அந்த மூன்று பேரும் சுவரோர நீள வாங்கில் அமர்ந்திருந்தார்கள். கூப்பிட்டபோது ஒவ்வொருவராக எழும்பிப் போய்த் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். தொப்பிக்காரர்தான் கனநேரம் பேசினார். கையால் ஒடித்துக் காட்டிக் காட்டிப் பேசினார். பிறகும் அவர்கள் போகவில்லை. போகலாம் என்று அங்கிருந்தவர் சொன்னது எனக்கே கேட்டது. அந்த அம்மா "பரவாயில்லை, இருக்கிறம்" என்றார்.

பின்னேரம் கனடாப் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அக்கா முதலே அங்கே வந்து காத்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்த பெண் அதிகாரி கணினியில் என் பெயரைத் தட்டிப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணை வந்து சேரும்வரை எனக்கு நடந்த வேறெதுவும் நினைவில் இல்லை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய முகம் மட்டும்தான் நினைவிருக்கிறது. பத்திரங்களைப் பார்த்த பிறகு, "இது உன் கோப்பில் பதியப்படும்" என்றார். அதனால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டார். அது தன் வேலை இல்லை, மேலிடம் தீர்மானிக்கும் என்றார். பிறகு, நீ போகலாம் என்றார்.

வெளியே வந்தபோது எல்லைக்கு அங்கால் அந்தக் காரும் பிக்கப்பும் இன்னும் நின்றன. நான் அக்காவோடு நடந்து வருவதைக் கண்டதும் பஸ்காரப் பெண் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். பிறகு திரும்பிப் போனார்கள். ஒரு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதங்கள் அந்தப் பின்னேரத்தை விட மோசமாக இருந்தன. சட்டத்தரணி என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இனி ஒண்டும் சொல்லேலாது, காத்திருப்பம்" என்றார். அது திட்டியதை விட மோசம். ஊரில் சண்டை கிட்ட வந்துகொண்டிருந்தது. மகள் இப்போது தூரத்தில் என்று சொல்வதில்லை. நான் கீரைக்கு ஆசைப்பட்டதை அவளிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் தையல் ஊசி விரலில் ஏறினது போல இருக்கும்.

அந்தக் குளிர் காலம் முழுக்க, ஞாயிறு தவறாமல் அந்த அம்மா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். வாய்க்கால் கரையில் நின்றபோதே அக்காவின் இலக்கத்தை வாங்கியிருக்கிறார். "பத்திரம் வந்ததோ?" என்று கேட்பார். இல்லை என்றால், "சரி, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுவார். அக்கா சில நாட்களில் தொலைபேசியை என்னிடம் தந்துவிடுவார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் காலநிலை பேசுவேன். பனி என்பேன், அவரும் பனி என்பார்.

வசந்தத்தில் குடிவரவு அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அமெரிக்கக் காவல் அனுப்பிய குறிப்பும் அந்த மூன்று பேரின் வாக்குமூலமும் அவர்களிடம் இருந்தன. அனுமதி கிடைத்தது. அந்த வருடக் கடைசியில் கணவரும் மகளும் மொன்றியல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். மகள் என்னை விட உயரமாக இருந்தாள்.

அதற்கடுத்த கோடையில் நாங்கள் மூன்று பேரும், அக்காவும், கையில் எல்லாப் பத்திரங்களோடும் சாவடியால் முறையாக எல்லை தாண்டி அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். பஸ்காரப் பெண்ணும் தொப்பிக்காரரும் எங்களுக்கு முன்பே வந்து மேசையில் இருந்தார்கள். தேத்தண்ணி குடிக்கும்போது, இவ்வளவு நாளும் என் மனதில் இருந்த கேள்வியை, ஊரில் ஆங்கிலம் படித்திருந்த மகளை விட்டுக் கேட்க வைத்தேன். அன்றைக்கு முதலில் காவலைக் கூப்பிடாமல் ஏன் இவர்களைக் கூப்பிட்டீர்கள்?

அந்த அம்மா கோப்பையைச் சுழற்றிக்கொண்டே தன் கதையைச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் அயர்லாந்தில் இருந்து ஒரு ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற வேலைக்கு வந்து, இந்தத் தெருவில் ஒரு விவசாயியைக் கட்டியவராம். வேறு கோயில், வேறு பேச்சு. முதல் வருடங்களில் ஒருவரும் இவர் வீட்டுப் படி ஏறவில்லை. இவர்தான் போனார். பிள்ளைப்பேறு என்றால் போனார், நோய் வருத்தம் என்றால் போய்ப் பக்கத்தில் இருந்தார். செத்த வீடென்றால் இவரைத்தான் தேடுவார்கள். அவர் ஊர் வழக்கப்படி இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றி விடுவாராம். பஸ்காரப் பெண்ணின் தாயை, தொப்பிக்காரரின் மனைவியை, எல்லோரையும் இவர்தான் ஆயத்தப்படுத்தி அனுப்பினார்.

"ஆனா நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டதில்லை" என்றார். "என்ர மனுசன் செத்தபோதும் கேக்கேல்லை. கேட்டு வராட்டி என்ன செய்யிறது எண்ட பயம். நாப்பது வருசம் அந்தப் பயத்தோடதான் இருந்தனான். அண்டைக்குத்தான் உனக்குச் சாட்சி வேணும் எண்டு முதல் தடவையாக் கேட்டன். நீ கதிரையில இருந்து நடுங்கினாய். உனக்குத் தெரியாது, ரிசீவரைப் பிடிச்சிருந்த என்ர கையும் நடுங்கினது. இவை ரெண்டு பேரும் வராட்டி நான் இவ்வளவு நாளும் ஆரோட இருந்தனான் எண்டு எனக்குத் தெரிஞ்சு போயிருக்கும்."

மகள் இதைத் தமிழில் சொல்லி முடித்தாள். தொப்பிக்காரர் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ கேட்டிருக்கலாம்" என்றார். "நாங்கள் எத்தினை தரம் வந்து கேற்றடியில நிண்டிட்டுத் திரும்பிப் போனனாங்கள் தெரியுமோ. நீ ஒண்டும் வேண்டாத மனுசி எண்டு நினைச்சம்."

அந்த அம்மா எழும்பிப் போய்க் கேத்திலைத் திறந்து பார்த்தார். அதில் தண்ணீர் நிறைய இருந்தது. இருந்தும் மறுபடி நிரப்பினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கனநேரம் நின்றார்.

அவர் இப்போது இல்லை. அவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட்டது பஸ்காரப் பெண்ணாம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவர்தான். இன்றைக்கும் ஒரு கதவைத் தட்டி உதவி கேட்க வேண்டி வந்தால் எனக்குக் கூச்சம்தான். ஆனால் உள்ளே இருப்பவரும் யாராவது தட்ட மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு வந்ததும் கை தானாகக் கதவுக்குப் போய்விடுகிறது.